எருக்கஞ்சேரிக் கொல்லையில் ஒரு பச்சைத் தொட்டி

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சிமென்ட் தொட்டி ஆறடி நீளம், நாலடி அகலம். தண்ணீர் ஒன்றே முக்கால் அடி நிற்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,200 லிட்டர். மெட்ரோ வாட்டர் வருகிற நேரத்தில் பிடித்து வைப்பதற்காக மாமா கட்டியது. போர்வெல் போட்ட பிறகு சும்மா கிடந்தது. கொளத்தூர் போய்க் கோல்டு ஃபிஷ் வாங்கி வந்து விட்டோம். வடசென்னையில் வண்ண மீன் என்றால் வேறு எங்கே போவது, தெருவுக்குத் தெரு அங்கே மீன் கடைதான்.

மீன்கள் நன்றாக வளர்ந்தன. தண்ணீர்தான் முருங்கைக்கீரை அவித்த சாறு போல ஆகிவிட்டது. எத்தனை மீன் என்று யாராவது கேட்டால் பன்னிரண்டு, பதிமூன்று இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்வோம். தீனி போடும்போது மேலே வரும் வாய்களை எண்ணுவதுதான் கணக்கு.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் அளவுகோல் வேண்டும் என்று தோன்றியது. பெயின்ட் வாளியின் வெள்ளை மூடியை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் அறைந்து, தொட்டிக்குள் நேராக இறக்கினேன். நாலு விரற்கடை ஆழத்தில் மூடி மறைந்துவிட்டது. குச்சியில் அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. இதற்குப் பிறகு என்ன செய்தாலும் இந்தக் குச்சிதான் நீதிபதி. ‘கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கே’ என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வதை நம்பினால் எதுவும் நடக்காது.

அடுத்தது, இது சேறா பாசியா என்று பார்ப்பது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு, ஜன்னல் திண்டில் ஒரு நாள் ஆடாமல் வைத்தேன். சேறாக இருந்தால் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும். இது மறுநாளும் அதே பச்சை. அப்படியென்றால் தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. சுவரில் வழுவழுவென்று ஒட்டியிருக்கும் பாசி வேறு, இது வேறு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதைவிடவும் சிறியது. மீன் கடை ஃபில்டரில் வரும் கறுப்பு ஸ்பாஞ்சின் ஓட்டைக்குள் இவை கூட்டம் கூட்டமாகப் புகுந்து வெளியே வந்துவிடும். ஃபில்டர் ஓடியும் தண்ணீர் ஏன் தெளியவில்லை என்று குழம்புகிறவர்களுக்கு விடை இவ்வளவுதான்.

அத்தை சொன்ன வழி நேரடியானது. “தண்ணிய மொத்தமா எறச்சுட்டு புதுசா ரொப்பும்மா. இதுக்கு எதுக்கு குச்சி, கோடுன்னு?” பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் இதுதான். இறைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் விட்டால் ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு முன்பைவிட அடர்த்தியாகப் பச்சை ஏறும். “இருங்க அத்தை, ஒரு தடவை என் வழியில பாத்துடறேன்” என்று சொல்லிவிட்டு, போர் தண்ணீரை நைட்ரேட் பரிசோதனைத் தாளில் தொட்டுப் பார்த்தேன். குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரிலேயே தாள் இளஞ்சிவப்பாக மாறியது. செப்டிக் டேங்கும் போரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பழைய தெருக்களில் இது அதிசயமில்லை. புதுத் தண்ணீர் என்று நாம் ஊற்றுவதே பாசிக்கு உரக்கரைசல். போதாக்குறைக்கு, சுவரைத் தேய்த்துக் கழுவும்போது அங்கே குடியிருந்த நல்ல பாக்டீரியாவும் போய்விடுகிறது. மீன் விடும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருந்தவை அவைதான்.

உரம் தண்ணீரில் மட்டுமில்லை, தீனி டப்பாவிலும் இருக்கிறது. மீன் தீனியில் சுமார் 35 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். நாளைக்கு 10 கிராம் தீனி போட்டால் அரை கிராமுக்குச் சற்று மேலே நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. அதில் கால் பங்குதான் மீன் உடம்பில் சேரும் என்று கொண்டால், மீதி செவுள் வழியாக அம்மோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீருக்குத் திரும்புகிறது. 1,200 லிட்டரில் இது நாளொன்றுக்கு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் நைட்ரேட் ஏறுவதற்குச் சமம். மாதத்தில் 45. இது தவிரப் பாஸ்பேட். பங்குனி வெயிலும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் தொட்டியில் மூன்றாவதாக ஒரு உரக்கிடங்கும் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருத் தண்ணீர் கொல்லைக்குள் வந்து தொட்டி விளிம்பைத் தாண்டியது. வடசென்னையில் அப்போது தெருவில் ஓடியது மழைத் தண்ணீர் மட்டுமல்ல என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வண்டல் தொட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்பாகப் படிந்து கிடந்தது. கோல்டு ஃபிஷ் மண்ணைக் கிளறித் தின்னும் ஜாதி. கிளறக் கிளற அதிலிருக்கும் சத்து மேலே வந்துகொண்டே இருக்கும்.

பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதலா என்றால், நேரடியாக இல்லை. வண்ண மீன் வளர்க்கும் பண்ணைகளில் கோல்டு ஃபிஷ் குஞ்சுகளை வேண்டுமென்றே பச்சைத் தண்ணீரில் விடுவார்கள். சிவப்பு நன்றாக ஏறும், குஞ்சுக்கு ஓயாமல் தீனியும் கிடைக்கும். எனக்குக் கவலை விடியற்காலையைப் பற்றித்தான். பகலில் பாசி ஆக்ஸிஜனைக் கொட்டும். ராத்திரியில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும். 30 டிகிரித் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். சூரியன் வருவதற்கு முன்னால் போய்ப் பார்த்தால் எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கும். எட்டு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல அடியில் மேயும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சும் அப்படியே. காலையில் எட்டுக்குக் கீழே காட்டிய தண்ணீர் சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்பதைத் தொட்டது. பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் வரும் ஏற்றம் இது. அம்மோனியாவின் விஷம் பிஎச்சைப் பொறுத்தது. 30 டிகிரியில், பிஎச் 8 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏழு, எட்டு சதவீதம்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 9-இல் அது 45 சதவீதம். அதே தண்ணீர், அதே மீன், காலையில் ஒன்றுமில்லை, சாயங்காலம் ஆபத்து. அதனால் பரிசோதனைக் குப்பியில் அம்மோனியா பார்க்கிறவர்கள் சாயங்காலம் பாருங்கள்.

கடையில் கேட்டபோது நீல நிற மருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்கள். “பத்து சொட்டு விடுங்கக்கா, காலைல அடி தெரியும்.” இந்த வகை மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம், அதாவது மயில்துத்தத்தின் சொந்தக்காரன். பாசி சாகும்தான். ஆனால் மொத்தப் பாசியும் ஒரே ராத்திரியில் செத்து அழுகினால், அதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை மீனிடமிருந்துதான் பிடுங்கும். நத்தையும் செடியும் சேர்ந்து போகும். உரம் அப்படியே இருப்பதால் பாசி திரும்பவும் வரும், பாட்டிலும் திரும்பவும் வாங்க வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டு வைத்தியங்களைத் தொட்டியில் அல்ல, வாளியில் சோதித்தேன். பத்து லிட்டர் வாளி ஒவ்வொன்றிலும் பச்சைத் தண்ணீர். ஒன்றில் அரை கிராம் படிகாரத் தூளைக் கரைத்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கினேன். கால் மணி நேரத்தில் பச்சைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு சிறு மேகங்களாகத் திரண்டன; ஒரு மணி நேரத்தில் வாளியின் அடி தெரிந்தது. பார்க்க அழகுதான். இன்னொன்றில் முருங்கை விதை. தோலை உரித்து வெள்ளைப் பருப்பை இடித்து, தண்ணீர் விட்டுக் குலுக்கித் துணியில் வடிகட்டிச் சேர்த்தேன். கலங்கிய ஆற்றுத் தண்ணீருக்கு இது கைகண்ட மருந்து. விதையில் உள்ள புரதம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். பாசியிடம் பாதிதான் செல்லுபடியானது, மறுநாள் வாளியில் வாடை வேறு. அத்தை தன் பங்குக்கு ஒரு தேற்றாங்கொட்டையைத் தேடி எடுத்து மண்சட்டியின் உள்பக்கம் உரசித் தண்ணீர் விட்டார். கிணற்றுத் தண்ணீரை அப்படித்தான் தெளிய வைத்துக் குடித்தார்களாம். அந்தச் சட்டியும் ஓரளவு தெளிந்தது.

இவற்றில் ஒன்றைக்கூட நான் தொட்டியில் போடவில்லை. படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். எங்கள் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர், தாங்கிவிடும். மழைத் தண்ணீர் நிரம்பிய தொட்டியாக இருந்தால் பிஎச் மளமளவென்று சரிந்து மீன் போய்விடும். சரி, தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், திரண்ட பாசி அடியில்தான் படியும். அடியைக் கிளறுவதே தொழிலாகக் கொண்ட மீன் அதை எத்தனை நேரம் விட்டு வைக்கும்? ஆனால் வாளிச் சோதனையில் ஒரு விஷயம் புரிந்தது: துகள்கள் திரண்டுவிட்டால் பிடிப்பது சுலபம். தொட்டிக்கு வெளியே திரள வைத்து, வெளியிலேயே பிடிக்க வேண்டும்.

வண்டலும் நிழலும்

முதல் வேலை வண்டலை எடுப்பது. ஒரு இஞ்ச் தோட்டக் குழாயின் ஒரு முனையில் அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைப் புனல் போலச் செருகி, மறு முனையைச் சாக்கடைப் பக்கம் தாழ்வாகப் போட்டு, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கட்டைவிரலால் அடைத்து இறக்கினால் தானாக இழுக்கும். பாட்டிலை அடியில் உரசாமல், ஒரு விரல் உயரத்தில் மெதுவாக நகர்த்த வேண்டும். உரசினால் வண்டல் புகையாக எழும், குழாயில் வராது. கறுப்பு வண்டலில் அழுகிய முட்டை வாடை அடித்தது. காற்றில்லாமல் அழுகிய சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு அது, மீனுக்கு நல்ல விஷம். அதனால் ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு நாளைக்கு ஒரு மூலை என்று எடுத்தேன், ஏர் பம்ப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

போன தண்ணீருக்கு ஈடாக மெட்ரோ வாட்டரை ஒரு டிரம்மில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்து, போதாததற்கு நூறு லிட்டருக்கு ஒரு கிராம் ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) கரைத்த பிறகுதான் விட்டேன். குளோரின் செவுளைச் சுட்டுவிடும்.

மேலே துணிக்கொடிக் கம்பிகளில் நர்சரிகளில் போடும் பச்சை வலையைக் கட்டினேன். பாதி வெயிலை மறைக்கும் ரகம். பதினொரு மணியிலிருந்து கடல்காற்று திரும்பும் நேரம் வரைக்கும் தொட்டிமேல் நேர் வெயில் படாமல் இருந்தாலே தண்ணீரின் சூடு குறைகிறது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த ஊர் மீன், கத்திரி வெயிலில் இந்த வலை பாசிக்காக இல்லாவிட்டாலும் மீனுக்காகக் கட்ட வேண்டியதுதான். தீனியை நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்தேன், இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு. அத்தைக்கு இதில் உடன்பாடில்லை. “வாயில்லா ஜீவன பட்டினி போடற” என்று மிச்ச இட்லியைப் பிய்த்துப் போடுவார். நான் பார்க்காத நேரத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று இந்தப் பதிவில் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

இவ்வளவுக்கும் குச்சிக் கோடு ஒரு சாண் வரைதான் இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

டிரம், யூவி விளக்கு, மோட்டார்

யூவி, அதாவது புற ஊதாக் கதிர் விளக்கு, பாசியை வடிகட்டுவதில்லை. 254 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் கதிர், குழாய்க்குள் போகிற பாசிச் செல்லின் டிஎன்ஏவைக் குலைத்துவிடும். அந்தச் செல் பெருக முடியாமல் செத்து, மற்றவற்றோடு ஒட்டித் திரளும். திரண்டதைப் பஞ்சு பிடிக்கும். வாளியில் படிகாரம் செய்த வேலையை இங்கே வெளிச்சம் செய்கிறது, தண்ணீரில் எதையும் கலக்காமல்.

வாங்கியது 11 வாட் விளக்கு, தண்ணீர் புகாத கூட்டோடு சேர்ந்தது. வெறும் யூவி டியூபை வாங்கி பிவிசி குழாய்க்குள் தாமே பொருத்திக்கொள்ளும் ஆட்களும் உண்டு. அந்த வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் கண் பாதிக்கப்படும், பிவிசியும் நாளடைவில் நொறுங்கும். இந்த ஒன்றில் சிக்கனம் வேண்டாம்.

ஃபில்டருக்கு 60 லிட்டர் நீல டிரம். மூலக்கடையில் பழைய டிரம் வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு, மூக்கை வைத்து மோந்து பார்த்து வாங்குங்கள். ஊறுகாய், எசென்ஸ் வந்த டிரம் பரவாயில்லை. கெமிக்கல் வந்தது எத்தனை கழுவினாலும் வேண்டாம். மணலி பக்கம் என்பதால் இங்கே கெமிக்கல் டிரம்தான் அதிகம் சுற்றும்.

டிரம்மில் இரண்டு ஓட்டை: தண்ணீர் நுழைவது அடியில், வெளியேறுவது மேலே. ஓட்டை போடும் ஹோல் சா இல்லாதவர்கள், டேங்க் நிப்பிளின் (குழாயை டிரம்மில் மாட்டும் மரைத் துண்டு) மரை அளவை ஒட்டிய ஒரு ஜிஐ பைப் துண்டை அடுப்பில் காய்ச்சி டிரம்மில் அழுத்தினால் வட்டமாக உருகிவிடும். பைப் நிப்பிளைவிட ஒரு நூல் சிறியதாக இருக்கட்டும். ஓட்டையின் விளிம்பில் எழும் பிசிறைக் கத்தியால் சீவி எடுக்காவிட்டால் வாஷர் உட்காராது, கசியும். உள்பக்கம் ஒரு ரப்பர் வாஷர், வெளிப்பக்கம் ஒன்று, மரையில் டெஃப்லான் டேப், கையால் இறுக்கிய பிறகு ரெஞ்சில் அரைத் திருப்பு. அதற்கு மேல் முறுக்கினால் டிரம் வளைந்து அதுவே கசிவாகும்.

உள்ளே அடியில் உடைத்த செங்கல் சல்லி, அதற்குமேல் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் ஒரு மூட்டை, மேலே தலையணைக்குள் திணிக்கும் பாலியஸ்டர் பஞ்சு இரண்டு அடுக்கு. சல்லியிலும் நாரிலும் பாக்டீரியா குடியேறும், பஞ்சு பாசியைப் பிடிக்கும். காசிமேட்டில் பொறுக்கிய கிளிஞ்சல் ஒரு பை இருந்தது, அதையும் கழுவிப் போட்டேன். மழைக்காலத்தில் தண்ணீரின் காரத்தன்மை இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் 35 வாட் சப்மெர்சிபிள். அதைக் காய்கறிக் கூடைக்குள் வைத்து, கூடையைச் சுற்றிக் கொசுவலை கட்டியிருக்கிறேன், மீன் வால் இழுபடாமல் இருக்க. மோட்டாரிலிருந்து யூவி, யூவியிலிருந்து டிரம்மின் அடி. இந்த வரிசை முக்கியம், விளக்கைத் தாண்டித் திரண்டது பஞ்சில் சிக்க வேண்டும். தண்ணீர் ரொம்ப வேகமாகப் போனால் பாசிமேல் கதிர் படும் நேரம் போதாது. 20 லிட்டர் தண்ணீர் கேனை வெளியேறும் குழாயில் பிடித்து, ஒரு நிமிஷத்தில் நிரம்பும்படி பால் வால்வைத் திருகி வைத்தேன். மணிக்கு 1,200 லிட்டர், தொட்டி முழுவதும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று.

மின் இணைப்பை எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுத்தான் செய்தேன். தண்ணீருக்குள் மோட்டார், அதில் கைவிடும் வேலை. மின்கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. ஒயர் பிளக்குக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். ஒயர் வழியே வழியும் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

போட்ட மறுநாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் பச்சை மெல்ல வெளிறி, ஒரு மாதிரிச் சாம்பல் கலங்கலாக மாறியது. டிரம்மைத் திறந்தால் மேல் பஞ்சு முழுக்கப் பச்சைச் சேறு, பிழிந்தால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. இந்தக் கட்டத்தில் பஞ்சைக் காலையும் மாலையும் அலச வேண்டும். சோம்பல்பட்டால் பிடித்த பாசி அங்கேயே அழுகித் திரும்பத் தண்ணீரில் கரையும், பிடித்ததற்குப் பயனில்லை. தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு அதில்தான் அலசினேன், குழாய்த் தண்ணீரில் இல்லை. அந்த வாளித் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போனது.

எதிர்பார்த்தபடி அம்மோனியாவும் ஏறியது. அதுவரை அதைத் தின்று வந்த பாசி செத்துவிட்டது, டிரம்மில் பாக்டீரியா இன்னும் குடிவரவில்லை. குப்பி லேசான பச்சை காட்டியதும் தீனியை அடியோடு நிறுத்தி, ஏர் பம்பை ராத்திரி பகலாக ஓடவிட்டு, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை டிரம்மில் ஊற்றினேன். அந்த அழுக்கில்தான் பாக்டீரியா இருக்கிறது. கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

வாரக்கடைசி வாக்கில் ஒரு காலை குச்சியை இறக்கினால் வெள்ளை மூடி அடியைத் தொட்டது, மூடியில் இருந்த கம்பெனி எழுத்தும் தெரிந்தது. தொட்டியின் ஒரு மூலையில் மாமா கட்டும்போது சிமென்டில் பதித்த வருஷம் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மீன்களை உட்கார்ந்து எண்ணினோம். பதினாறு. அது தவிர, சுவரோரம் சுண்டுவிரல் நீளத்தில் பழுப்பு நிறமாக ஏதோ நாலைந்து ஓடின. கால்வாயிலிருந்து வந்த நாட்டு மீனோ என்று முதலில் நினைத்தோம். ஒன்றைத் தம்ளரில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், இரட்டைப் பிளவாக விரிந்த வால், வயிற்றுக்கடியில் அரிசிமணி அளவுக்கு ஆரஞ்சு. கோல்டு ஃபிஷ் குஞ்சுகள்தான். பிறந்தபோது எல்லாமே இந்தப் பழுப்பில்தான் இருக்கும், நிறம் பிறகுதான் ஏறும். பெரியவை முட்டையையும் குஞ்சையும் விழுங்கிவிடும். பச்சைத் தண்ணீரின் மறைவில் இவை தப்பித்திருக்கின்றன. தெளிந்த தொட்டியில் இனி அந்த மறைவு இல்லை என்பதால் அவற்றைத் தனி டப்பில் எடுத்து வைத்தேன்.

வெட்டிவேர் தொட்டில்

யூவி பாசியைக் கொல்லும், உரத்தைத் தொடாது. விளக்கை அணைத்தால் பழையபடி பச்சைதான். உரத்தைத் தின்ன வேறு யாராவது வேண்டும்.

மிதக்கும் ஆகாயத்தாமரை நல்ல தீனிக்காரன். ஆனால் ஓட்டேரி நல்லா ஓடையிலோ கால்வாயிலோ பிடுங்கி வந்தால் சாக்கடையும் கூடவே வரும். நர்சரியில் வாங்கிப் போட்டாலும் கோல்டு ஃபிஷ் வேரைக் கடித்துக் குதறிவிடும். எனவே செடியைத் தொட்டிக்கு வெளியே வைத்தேன். ஒரு பெரிய டிரம்மை நீளவாக்கில் பிளந்து, தொட்டில் போலத் தொட்டி விளிம்பில் செங்கல் அடுக்கி லேசான சாய்வில் வைத்து, முக்கால் இஞ்ச் ஜல்லி நிரப்பினேன். ஃபில்டர் டிரம்மிலிருந்து வரும் தண்ணீர் ஜல்லிக்குள் ஊடுருவி மறுமுனையில் தொட்டிக்குள் விழும். நட்டது வெட்டிவேர் நாற்று ஒரு வரிசை, கல்வாழை இரண்டு, ஓரத்தில் வள்ளைக்கீரைத் தண்டுகள். மண் ஒரு பிடிகூட இல்லை, வேரில் இருந்ததையும் அலசிவிட்டேன்.

தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழேயே நிற்கும்படி வெளியேறும் ஓட்டையை வைத்திருக்கிறேன். வெளியே தண்ணீர் தெரிந்தால் கொசு முட்டையிடும். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிறவர் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மீன் இருக்கு, சரி, இது என்ன?” என்று இந்தத் தொட்டிலில் ஜல்லியைத் தோண்டிப் பார்த்தார். புழு இல்லை என்றதும் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்.

வள்ளைக்கீரைதான் முதலில் கிளம்பியது, பார்க்கும்போதெல்லாம் ஒரு கணு கூடியிருக்கும். வெட்டி எறிவதுதான் இதில் சூட்சுமம். வளர்ந்த தழை வெளியே போனால்தான் நைட்ரஜன் தொட்டியை விட்டுப் போனதாக அர்த்தம். இந்தக் கீரையை நாங்கள் சமைப்பதில்லை, வெள்ள வண்டல் கிடந்த தொட்டி என்பதால் பக்கத்து வீட்டு முயலுக்கும் கொடுப்பதில்லை. காய வைத்து மாமரத்தடியில் போடுகிறோம். வெட்டிவேர் மெதுவாகத்தான் பிடித்தது. ஜல்லிக்குள் விரலை விட்டால் இப்போது வெள்ளை வேர் பின்னிக் கிடப்பது கையில் தட்டுப்படுகிறது.

செடிகள் நன்றாகப் பிடித்த பிறகு யூவியை அணைத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது, குச்சி அடிவரை தெரிந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் லேசாகப் பச்சை தட்டியது, திரும்பப் போட்டேன். என் கணிப்பில், வெயில் உச்சத்தில் இருக்கும் சில மாதங்களுக்கு விளக்கு, மற்றபடி செடியே போதும். இடமிருந்தால் தொட்டிலை இரண்டு மடங்காக்கி விளக்கை விட்டே விடலாம். வெறும் விளக்கை மட்டும் நம்புகிறவர்கள் மின்வெட்டு நீளும்போதும், விளக்குத் தேயும்போதும் ஆரம்பித்த இடத்துக்கே வருவார்கள்.

விளக்குத் தேய்வது வெளியே தெரியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீல வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் மட்டும் குறைந்துவிடும். ராப்பகலாக ஓடினால் வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அதோடு மாற்றிவிட வேண்டும். எங்கள் போர் தண்ணீருக்கு இன்னொரு தொல்லை: விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். படிந்தால் கதிர் வெளியே வராது. மெயினை அணைத்து, உறையைக் கழற்றி, எலுமிச்சை மூடியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். வேறு எதாலும் சுரண்டினால் கீறல் விழும்.

மின்சாரக் கணக்கு: மோட்டார் 35, விளக்கு 11, ஆக 46 வாட். ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாத பில்லில் 66 யூனிட். விளக்கு இல்லாத மாதங்களில் ஐம்பது.

தண்ணீர் தெளிந்ததும் வெயில் அடிவரை போகிறது என்பதால் சுவரில் நூல் பாசி முளைத்திருக்கிறது. யூவி இதைத் தொடாது, குழாய்க்குள் வருவதைத்தான் அது பிடிக்கும். பழைய பாட்டில் பிரஷ்ஷைச் செருகித் திருகினால் சேமியா சுற்றுவது போல் வராது, பிய்ந்து பிய்ந்துதான் வரும். முரட்டு தென்னை ஈர்க்குச் சீவலில் சுற்றினால் கொத்தாக வருகிறது. அரை சாண் நீளம் வளரும் வரை விட்டு வைக்கிறேன். மீன்கள் நாள் முழுக்க அதைக் கொறிக்கின்றன, அத்தையின் இட்லிக்குக்கூட இப்போது அத்தனை வேகமாக மேலே வருவதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டி விளிம்பில் இன்னும் இரண்டு வரிசை செங்கல் ஏற்ற வேண்டும், வழியும் தண்ணீருக்கு வலை கட்டிய ஒரு குழாயும். கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.